கடல் தாண்டிய சொல்

ஜமைக்காவின் சட்டப் புத்தகத்தில் நமக்குத் தெரிந்த சொல் ஒன்று இருக்கிறது. 1913ல் அந்தத் தீவில் ஒரு செடியைத் தடை செய்தபோது ஆங்கிலேய அதிகாரிகள் அதற்கு எழுதிய பெயர் கஞ்சா. 2015ல் அந்தத் தடையைத் தளர்த்தித் திருத்தம் கொண்டுவந்தபோதும் அதே பெயர்தான். மெக்ஸிகோவிலிருந்து கிளம்பிய மரிவானா என்ற பெயர் அமெரிக்காவைப் பிடித்துக்கொண்ட பிறகும் ஜமைக்காவில் தெருவும் கோர்ட்டும் கஞ்சா என்றே சொல்லி வருகின்றன. பாப் மார்லியின் முகம் அச்சிட்ட பனியனோடு கம்பம்மெட்டுச் சாலையில் மோட்டார் சைக்கிளில் ஏறிப்போகும் பையனுக்கு இந்தப் புகை ஜமைக்காவிலிருந்து வந்த விஷயம். ஜமைக்காக்காரனுக்கோ அது இந்தியாவிலிருந்து வந்த விஷயம். இரண்டு பேரும் எதிரெதிர்த் திசையில் கை காட்டுகிறார்கள். நடுவில் கிடப்பது கரும்புத் தோட்டத்தின் சரித்திரம். நம் பக்கத்தில் அதைத் தொட்டவர்கள் அநேகமாக இல்லை.

இப்படிச் சொன்ன மாத்திரத்தில் சிலருக்கு மார்பு விரியும். உலகத்துக்கு நாம் கொடுத்தவை என்று ஒரு பட்டியல் நம்மிடம் எப்போதும் தயாராக இருக்கிறது. அதில் ரெகே இசையையும் சேர்த்துவிட்டால் ஒரு மேடைப் பேச்சுக்கு ஆயிற்று. அந்தப் பெருமைக்கு இடமில்லை. 1845 மே 10ந் தேதி ஓல்ட் ஹார்பர் துறையில் 'ப்ளண்டெல்' என்ற கப்பல் ஏறக்குறைய 260 இந்தியர்களை இறக்கியது. அன்று தொடங்கி ஒப்பந்தக் கூலிமுறை 1917ல் ஒழிகிறவரை ஜமைக்காவுக்குப் போனவர்கள் 36,000 பேருக்கு மேல். கல்கத்தாவில் கப்பலேறிய போஜ்புரிக்காரர்களே அவர்களில் பெரும்பான்மை. சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள் சிறு பங்கு. நம் ஆட்கள் அதிகமாகப் போன இடங்கள் இலங்கை, மலேயா, பிஜி, தென்னாப்பிரிக்கா, மொரீஷியஸ், பிரெஞ்சுத் தீவுகளான மார்த்தினிக், குவாதலூப். கஞ்சா என்ற சொல்லும் தமிழில் மட்டும் இருப்பதல்ல. சம்ஸ்கிருதம், ஹிந்தி, வங்காளி எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆகவே இது தமிழன் பெருமை பேசுகிற கட்டுரை இல்லை. போனவர்கள் மூட்டையில் என்ன கொண்டு போனார்கள், போன இடத்தில் அது என்னவாயிற்று, இங்கே இருந்தது என்னவாயிற்று என்கிற மூன்று கேள்விகள்தான் விஷயம்.

*

அடிமைமுறை 1838ல் ஜமைக்காவில் முழுதாக ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பர்கள் துரைமார் கொடுத்த கூலிக்குக் கரும்பு வெட்ட விரும்பவில்லை. அந்தக் கூலியை உயராமல் அழுத்தி வைப்பதற்காகக் கொண்டுவரப்பட்டவர்கள் இந்தியர்கள். கறுப்பனுக்கும் கூலிக்காரனுக்கும் முதல் உறவே இந்தப் பகையில்தான் அமைந்திருக்க வேண்டும். அங்கே 'கூலி' என்பது இந்தியனைத் திட்டுகிற சொல்லாயிற்று. இன்றும் அதில் அந்தக் கசப்பு ஒட்டியிருக்கிறது. ஆனால் ஒரே லயத்துப் பக்கத்தில் குடியிருந்து, ஒரே கங்காணியின் வசவைக் கேட்டு, ஒரே வெயிலில் நின்றவர்களுக்கு இடையில் பகை மட்டுமே நிலைத்திருக்க முடியாது. இந்தியன் அந்தி நேரத்தில் உட்கார்ந்து புகைத்ததைக் கறுப்பன் பார்த்தான். செடி கைமாறியது. செடியோடு பெயரும், பெயரோடு புகைக்கும் கருவியும் மாறின. நாம் சிலும்பி என்பதை வடக்கே சில்லம் என்பார்கள். ஜமைக்காவிலும் அது சில்லம்தான். தரமான சரக்குக்கு அங்கே 'காலி' என்று ஒரு பெயர் உண்டு. அது நம் காளியிடமிருந்து வந்தது என்று சில ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்.

1975ல் வெரா ரூபின், லாம்ப்ரோஸ் கோமிடாஸ் என்ற இரண்டு மானிடவியலாளர்கள் ஜமைக்காவில் கஞ்சா பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். அமெரிக்க அரசின் மனநலக் கழகம் பணம் கொடுத்து நடத்திய ஆராய்ச்சி அது. கஞ்சா சோம்பேறியாக்கும் என்ற பொதுக் கருத்துக்கு மாறாக, அங்கே உழைப்பாளிகள் வேலை செய்யத் தெம்பு வேண்டிப் புகைக்கிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். தேநீராகக் காய்ச்சிக் குடிப்பது, மருந்தாகக் கொடுப்பது, கூடி உட்கார்ந்து புகைப்பது ஆகிய பழக்கங்களின் கோவை இந்தியக் கூலிகளோடு வந்து சேர்ந்தது என்றும் எழுதினார்கள். கவனிக்க வேண்டியது 'கோவை' என்பதைத்தான். வெறும் இலை மாத்திரம் போகவில்லை. அதை எப்போது, யாரோடு, எதற்காக என்ற கட்டுமானமும் கூடவே போயிற்று.

அந்தக் கட்டுமானத்தின் மேல்தான் பிற்பாடு ஒரு மதம் எழுந்தது. 1930 நவம்பர் 2ந் தேதி எத்தியோப்பியாவில் ராஸ் டஃபாரி என்ற இளவரசர் ஹைலி ஸெலாஸி என்ற பெயரில் முடிசூடினார். வெள்ளைக்காரனுக்குக் கீழ்ப்படியாத ஒரு கறுப்புச் சக்கரவர்த்தி. ஜமைக்காவின் சேரிகளில் சிலர் அவரையே கடவுள் என்றார்கள். அவர்களில் முதல்வராகச் சொல்லப்படுகிறவர் லெனர்ட் ஹவல். ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு 1934ல் சிறை சென்றவர். அவர் வெளியிட்ட சிறு நூலில் ஆசிரியர் பெயராகப் போட்டுக்கொண்டது ஜி. ஜி. மராக். மராக் என்பது மகராஜ். ஒரு கறுப்புத் தீர்க்கதரிசி தனக்குப் புனைபெயர் தேடியபோது கூலி லயத்திலிருந்து அதை எடுத்துக்கொண்டிருக்கிறார். 1940ல் ஸ்லைகோவில் பக்கம் ஒரு குன்றின் மேல் 'பினக்கிள்' என்ற குடியிருப்பை ஏற்படுத்தினார். அங்கே கஞ்சா பயிராயிற்று. 1941லும் 1954லும் போலீஸ் புகுந்து அதைக் கலைத்தது.

சடை விஷயம் இவ்வளவு தெளிவானதல்ல. ராஸ்டாக்களின் சடைக்கு மூன்று மூலங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, கத்தி படாத தலைமுடியை விரதமாகச் சொல்லும் பைபிள். இரண்டு, 1950களில் பத்திரிகைகளில் வந்த கென்யாவின் மௌ மௌ போராளிகளின் படங்கள். மூன்றாவது, தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த இந்தியச் சாதுக்கள். ஜமைக்காவில் இருந்து ஆராய்ந்த அஜய் மான்சிங், லட்சுமி மான்சிங் இருவரும் 1980களில் மூன்றாவதை வலியுறுத்தினார்கள். மாமிசம் தவிர்க்கும் ராஸ்டா உணவு முறையையும் அவர்கள் இந்தியப் பக்கம் சேர்த்தார்கள். மற்றவர்கள் ஏற்கவில்லை. எனக்கு இந்த வழக்கில் தீர்ப்பு அவசியமாகத் தோன்றவில்லை. ஒடுக்கப்பட்ட ஒரு கூட்டம் தனக்கொரு முகம் தேடும்போது பைபிளையும் ஆப்பிரிக்காவையும் பக்கத்து லயத்துப் பண்டாரத்தையும் ஒருசேரப் பார்த்திருக்கும். சிருஷ்டி என்பது இப்படித்தான் நடக்கிறது. மூலம் தேடுகிறவர்களுக்குத்தான் ஒற்றை வேர் வேண்டியிருக்கிறது.

*

இனி சட்டம். ஒரே சாம்ராஜ்யம், ஒரே செடி. இரண்டு தேசங்களில் இரண்டு நியாயம்.

1893ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் இந்தியாவின் கஞ்சா பற்றிக் கேள்வி எழுந்தது. மது ஒழிப்புக்காரர்களின் நெருக்கடி. இந்திய அரசாங்கம் மாக்வொர்த் யங் தலைமையில் ஏழு பேர் கொண்ட கமிஷன் ஒன்றை நியமித்தது. மூன்று பேர் இந்தியர்கள். கமிஷன் 1,193 சாட்சிகளை விசாரித்தது; 1894ல் அறிக்கை கொடுத்தது. மிதமான உபயோகத்தால் உடலுக்கோ மனத்துக்கோ ஒழுக்கத்துக்கோ சொல்லத்தக்க கேடு இல்லை, மிதமிஞ்சினால் கெடுதல், முழுத்தடை அவசியமும் இல்லை, சாத்தியமும் இல்லை, வரி போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்பது அதன் முடிவு. சிவனோடும் சாதுக்களோடும் சம்பந்தப்பட்ட செடியைத் தடுத்தால் ஜனங்கள் மனம் புண்படும், வேறு மோசமான போதைக்குப் போவார்கள் என்றும் யோசித்தார்கள்.

அந்த அறிக்கையில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் வேறு. கஞ்சா பைத்தியமாக்கும் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டவை பைத்தியக்கார விடுதிப் பதிவேடுகள். கமிஷன் அந்தப் பதிவேடுகளையே கிளறிப் பார்த்தது. நோயின் காரணம் என்று ஒரு பத்தி. அதைக் காலியாக விடக்கூடாது. அழைத்து வந்த போலீஸ்காரர் ஏதாவது சொல்ல வேண்டும். 'கஞ்சா' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. இப்படி நிரம்பிய பத்திகள்தான் புள்ளி விவரமாக மாறி லண்டன் வரை போயிருந்தன. நகைக் கடன் விண்ணப்பங்களின் பத்திகளைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிற எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கடனின் நோக்கம் என்ற இடத்தில் எல்லோரும் எழுதுவது விவசாயம். மகளின் பிரசவம், மகனின் ஜாமீன், வக்கீல் பீஸ் எல்லாமே விவசாயம்தான். காகிதத்தில் இருக்கும் காரணத்துக்கும் மனிதனின் காரணத்துக்கும் உள்ள தூரத்தை 1894லேயே ஒரு சர்க்கார் கமிஷன் பார்த்திருக்கிறது என்பது சாமானிய விஷயமல்ல.

ஆனால் அதே சாம்ராஜ்யம் பத்தொன்பது வருஷம் கழித்து ஜமைக்காவில் கஞ்சாவைத் தடை செய்தது. அங்கே 1,193 சாட்சிகளும் இல்லை, ஏழு பேர் கமிஷனும் இல்லை. பாதிரிமார்களின் சபையும் தோட்டத் துரைமார்களும் கேட்டார்கள். அபின் சட்டத்தில் கஞ்சாவும் சேர்ந்தது. இந்தியாவில் கஞ்சா வரி தரும் பயிர். சென்னை மாகாணத்தில் 1886ம் வருஷத்து ஆப்காரிச் சட்டத்தின் கீழ் கள், சாராயத்தோடு கஞ்சாவும் வருமானக் கணக்கில் இருந்தது. ஜமைக்காவில் அது கூலிக்காரனின் பழக்கம் கறுப்பனுக்குத் தொற்றுகிற அபாயம். ஓரிடத்தில் கஜானா பேசிற்று. மற்றோரிடத்தில் தோட்டத்துக் கட்டுப்பாடு பேசிற்று. விஞ்ஞானம் இரண்டு இடத்திலும் பிறகு வந்து கையெழுத்துப் போட்டது.

பிற்பாடு உலகச் சட்டம் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. 1961ல் ஐக்கிய நாடுகளின் ஒப்பந்தம். இந்தியா 25 வருஷ அவகாசம் கேட்டுப் பெற்று, அது தீரும் தறுவாயில் 1985 நவம்பரில் போதைப் பொருள் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. இந்தச் சட்டத்துக்கு ஒரு வேடிக்கையான இலக்கணம் உண்டு. செடியின் பூவும் காயும் உள்ள நுனிதான் கஞ்சா. நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகா. ஆகவே இலையை அரைத்துக் குடிக்கும் பாங்கு தப்பித்தது. உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் சர்க்கார் லைசென்ஸ் பெற்ற பாங்குக் கடைகள் இருக்கின்றன. ஹோலிக்குக் குடித்தால் பண்டிகை; மலையடிவாரத்தில் சிலும்பியில் வைத்தால் குற்றம். குற்றத்துக்கு எடையும் உண்டு. ஒரு கிலோவுக்குக் கீழே சிறு அளவு, 20 கிலோவுக்கு மேலே வணிக அளவு. வணிக அளவுக்குப் பத்து முதல் இருபது வருஷம் சிறை.

*

கம்பம் பள்ளத்தாக்குக்கு இப்போது வரலாம். மூன்று பக்கம் மலை. மேற்கே ஏறினால் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, அப்பால் ஏலத்தோட்டங்கள். கிழக்கே மேகமலை, வருசநாடு. 1895ல் பெரியாறு அணை திறந்து மலைக்கு அப்பால் ஓடிய தண்ணீர் சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திரும்பிய பிறகு இது இருபோக நெல் விளையும் பூமி. அப்புறம் திராட்சை, வாழை, தென்னை. 1996ல் மதுரையிலிருந்து பிரித்துத் தேனியைத் தனி மாவட்டமாக்கினார்கள். இவ்வளவு இருந்தும் வெளியூரில் கம்பம் என்று சொன்னால் எதிரில் இருப்பவன் உதட்டில் ஒரு சிரிப்பு வரும்.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் உண்டு, இல்லை என்று சொல்வதற்கில்லை. வருசநாட்டு மலையிலும் எல்லைக்கு அப்பால் இடுக்கியிலும் கஞ்சா பயிராகிக்கொண்டிருந்தது. ஏலத்துக்கு வேண்டிய நிழலும் ஈரமும் இதற்கும் மறைவு. மலையின் மேல் இரண்டு ராஜ்யங்களின் எல்லை. ஒரு போலீஸ் வந்தால் மறு பக்கம் இறங்கிவிடலாம். போலீசும் வனத்துறையும் பல வருஷம் மலையேறிச் செடிகளைப் பிடுங்கி எரித்தன. மேகமலை 2009ல் வனவிலங்கு சரணாலயமும் 2021ல் புலிகள் காப்பகத்தின் பகுதியும் ஆயிற்று. இப்போது தேனிப் பக்கம் பிடிபடுகிற சரக்கின் ஊற்று பெரும்பாலும் ஆந்திர ஒரிஸ்ஸா எல்லை மலைகள். இந்தப் பள்ளத்தாக்கு கேரளத்துக்குப் போகிற வாசல். 2021 டிசம்பரில் தமிழ்நாட்டுப் போலீஸ் தொடங்கிய 'கஞ்சா வேட்டை'யில் பிடிபட்டவர்கள் பற்றிய செய்திகளைப் பார்த்தால் பையோடு பஸ்ஸில் அகப்பட்டவர்கள்தான் மிகுதி. முதலாளி பெயர் செய்தியில் அபூர்வம். விளைச்சல் போய்விட்டது, பெயர் போகவில்லை.

பெயருக்கு முன்னால் இருந்த ஒன்றும் போய்விட்டது. அதுதான் என் கவலை. இந்தச் செடிக்குத் தமிழில் சிவமூலி என்று ஒரு பெயர் இருந்தது. சித்த வைத்தியம் அதைச் சுத்தி செய்து லேகியத்தில் சேர்த்தது. மதன காமேஸ்வர லேகியம் பலருக்குத் தெரிந்த உதாரணம். தென் ஜில்லாக்களின் காவல் தெய்வங்களில் சிலவற்றுக்குச் சுருட்டு, சாராயத்தோடு கஞ்சாவும் படைப்பது உண்டு. மலைக் குகையிலும் சுடுகாட்டு மண்டபத்திலும் உட்கார்ந்த பண்டாரங்கள் சிலும்பியைச் சுற்றிவிட்டார்கள். இவையெல்லாம் உயர்ந்தவை என்று சொல்ல வரவில்லை. அவற்றில் பித்தலாட்டமும் சீரழிவும் இருந்திருக்கும். ஆனால் எவ்வளவு, எப்போது, யார், யார் கூடாது என்ற வரம்புகள் அவற்றில் இருந்தன. சம்சாரியும் சின்னப் பையனும் அந்த வட்டத்துக்கு வெளியே. சட்டம் செடியைப் பிடுங்கவில்லை. இந்த வரம்புகளைத்தான் பிடுங்கியது. மிஞ்சியது பொட்டலம். பள்ளிக்கூட வாசலில் பொட்டலம் வாங்குகிற பையனுக்குத் தெய்வமும் இல்லை, வைத்தியனும் இல்லை, குருவும் இல்லை. விலை மட்டும் இருக்கிறது.

ஜமைக்காவில் நடந்தது நேர் எதிர். வெறும் பழக்கமாகப் போய்ச் சேர்ந்ததை ராஸ்டாக்கள் சடங்காக்கினார்கள். வட்டமாக உட்கார்ந்து, முரசு தட்டி, பைபிளைப் பிரித்து, வாதம் செய்து, நடுவில் புகை. புகைக்காக வாதமல்ல, வாதத்துக்காகப் புகை என்பது அவர்கள் கொள்கை. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் கொஞ்சமல்ல. 1963 ஏப்ரலில் கோரல் கார்டன்ஸ் என்ற இடத்தில் நடந்த கலவரத்தைச் சாக்காக வைத்து ராஸ்டாக்களை வேட்டையாடினார்கள். பிடித்துச் சடையை வெட்டினார்கள். அதற்கு ஜமைக்கா அரசு மன்னிப்புக் கேட்டது 2017ல். 2015ம் வருஷத்துத் திருத்தத்தில் இரண்டு அவுன்ஸ் வரை வைத்திருப்பது கிரிமினல் குற்றமில்லை என்றாயிற்று. ராஸ்டாக்கள் வழிபாட்டுக்கு உபயோகிக்கவும் அனுமதி கிடைத்தது.

*

இந்த வட்டத்திலிருந்து எழுந்த இசை உலகத்துக்கு வந்தபோது வட்டம் அங்கேயே நின்றுவிட்டது; புகை மட்டும் வந்தது. 1973ல் மார்லி குழுவின் 'காட்ச் எ ஃபயர்' இசைத்தட்டு வெளியானபோது உறை சிகரெட் லைட்டர் வடிவத்தில் இருந்தது. பின்னர் வந்த பதிப்புகளில் மார்லி பெரிய சுருளைப் புகைக்கும் படம் இடம்பிடித்தது. அந்த மாதிரிப் படங்கள்தான் பனியனுக்கு வந்தன. தட்டின் பெயரிலும் பாட்டுகளிலும் இருந்த அடிமைத்தனத்தின் ஞாபகம் பனியனில் இல்லை. இன்னொரு உதாரணம். மைட்டி டயமண்ட்ஸ் என்ற குழு 1981ல் புகைக்குழாயின் கிண்ணமான 'கூச்சி'யைக் கைமாற்றச் சொல்லி ஒரு பாட்டு வெளியிட்டது. அடுத்த வருஷம் மியூசிகல் யூத் என்ற இங்கிலாந்துச் சிறுவர் குழு அதையே பாடியபோது 'கூச்சி' 'டச்சி' ஆயிற்று. டச்சி என்பது சமையல் சட்டி. பாட்டு இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. ஒரு இடத்தில் புகையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினார்கள். இன்னொரு இடத்தில் புகையை நீக்கி மெட்டை வைத்துக்கொண்டார்கள். வியாபாரத்துக்கு எது எப்போது உபயோகமோ அது.

குமுளிக் கடைத்தெருவிலும் கொடைக்கானலிலும் சிவப்பு, மஞ்சள், பச்சையில் தொப்பிகளும் பைகளும் தொங்குகின்றன. அவை எத்தியோப்பியக் கொடியின் நிறங்கள் என்பது விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் தேவையில்லாத சமாசாரம். சலூனில் சடை திரித்துக்கொள்ளும் பையனின் பாட்டிக்கு, சடை விழுவது சாமி காரியம். கத்தரித்தால் தோஷம், அலட்சியமாகத் தொட்டால் தோஷம். ஒரே வீட்டில் ஒரே சடைக்கு இரண்டு அர்த்தம். இரண்டுக்கும் நடுவில் பேச்சே இல்லை. பையனைக் கேலி செய்து ஆவதில்லை. எங்கோ ஒரு தீவின் ஏழைகள் துரையை எதிர்த்துப் பாடினார்கள் என்கிற மங்கலான வாசனை அவனை இழுத்திருக்கலாம். அந்த வாசனை உண்மையானதுதான். ஆனால் தன் பள்ளத்தாக்கிலேயே அது வீசியிருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

1958ல் தேவிகுளம் இடைத்தேர்தலின்போது பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் தன் தம்பிகளோடு மலையேறி, தேயிலைத் தோட்டத் தமிழ்க் கூலிகளிடம் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடினார். சினிமா மெட்டு, நாட்டுப்புற மெட்டு எல்லாவற்றிலும் கூலிக்காரனின் விஷயத்தை வைத்துப் பாடிய குரல் அது. அந்தத் தேர்தலில் கட்சி ஜெயித்ததில் அந்தப் பாட்டுகளுக்குப் பங்கு உண்டென்று கட்சித் தலைவர்களே ஒப்புக்கொண்டார்கள். அந்தத் தம்பிகளில் ஒருவர் பிற்பாடு இளையராஜா ஆனார். தோட்டக் கூலியின் இசை என்பதுதான் ரெகேயின் சாரம் என்றால், இந்தப் பள்ளத்தாக்கில் அதற்குச் சமமான ஒன்று கிங்ஸ்டனில் ரெகே என்ற பெயர் புழங்குவதற்குப் பத்து வருஷம் முன்பே நடந்திருக்கிறது. நாம் இளையராஜாவின் புகழ் பாடினோம். அந்தத் தோட்டத்துப் பாட்டு எப்படி இருந்தது என்று கேட்கவில்லை.

*

இலக்கியத்துக்கு வருகிறேன். கரும்புத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களைப் பற்றி பாரதி பாடினார். அது பிஜியைப் பற்றியது. 1935ல் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். இரண்டும் நம் மொழியின் பெரிய காரியங்கள். இரண்டிலும் கடல் தாண்டியவர்கள் துயரம் மட்டும் அனுபவிக்கிறார்கள். அழுகை தவிர அவர்கள் மூட்டையில் வேறு ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தின் தேவை அது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு வந்த நாமும் கூலியைப் பரிதாபத்துக்குரியவனாக மட்டுமே நிறுத்தி வைத்திருக்கிறோம். அவன் மாரியம்மனையும் மதுரை வீரனையும் குவாதலூப்பில் குடியேற்றினான். அவனோடு கப்பலேறிய வடக்கத்திக் கூலியின் புகையும் மகராஜ் என்ற பட்டமும் இன்னொரு இனத்தின் விடுதலை மதத்துக்குள் போயின. துயரப்பட்டவன் கொடுத்தும் இருக்கிறான் என்ற எண்ணமே நம் எழுத்தில் வரவில்லை.

பாரதிக்குக் கஞ்சாப் பழக்கம் இருந்ததை அவரோடு பழகியவர்கள் மறைக்கவில்லை. பக்தர்கள் அதை ஒரு களங்கமாக நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். எதிர்முகாமில் அதையே கவிதையின் ஊற்றாகச் சொல்லிப் பரவசப்படுகிற சிலர். இரண்டும் ஒரே அசட்டுத்தனத்தின் இரண்டு பக்கங்கள். புதுச்சேரியில் சித்தர்கள், பண்டாரங்களோடு பழகிய ஒருவருக்கு அந்தப் பழக்கம் எந்த உலகத்தின் வாசலாக இருந்தது, அந்த உலகம் எப்படிப்பட்டது, அது ஏன் இல்லாமல் போயிற்று என்பதுதான் விமர்சகன் கேட்க வேண்டியது. ஒரே மனிதர் கரும்புத் தோட்டத்துக்காக அழுதிருக்கிறார், சாமியார்களின் சிலும்பி வட்டத்திலும் இருந்திருக்கிறார். கடலுக்கு அந்தப் பக்கம் இந்த இரண்டும் சேர்ந்து ஒரு சரித்திரம் ஆயின. இங்கே இவற்றைத் தனித்தனிக் கட்டுரைகளில் கூட ஒழுங்காக எழுதவில்லை.

கஞ்சா நல்லதா கெட்டதா என்று நான் எழுத வரவில்லை. வளரும் பிராயத்துப் பையனுக்குக் கெடுதல் என்பதில் டாக்டர்களுக்குச் சந்தேகம் இல்லை; எனக்கும் இல்லை. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் போதைப் பொருள் கமிஷன் 27க்கு 25 என்ற வாக்கில் இந்தச் செடியை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுத்தது. எடுக்கச் சொல்லி வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நாளை இங்கேயும் சட்டம் மாறலாம். மாறினால் லாபம் யாருக்குப் போகும் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை. பஸ்ஸில் பையோடு அகப்பட்டு உள்ளே இருப்பவனுக்கு அதில் பங்கு இருக்காது. ஆனால் சட்டம் மாறுவதால் மட்டும் ஞாபகம் திரும்பி வராது. அதை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். பண்டாரங்களையும் வைத்தியர்களையும், மலையில் பயிரிட்டுச் சிறை போனவர்களையும், பாவலரின் தோட்டத்துப் பாட்டைக் கேட்ட கிழவர்கள் மிஞ்சியிருந்தால் அவர்களையும் தேடிப்போக வேண்டும். அதுவரையில் கம்பம் என்ற பெயர் போலீஸ் செய்தியில் இருக்கும். மார்லி என்ற பெயர் பனியனில் இருக்கும்.